பசை போட்டு ஒட்டிய கார்

என் தம்பி ஒரு நல்ல காரைப் பசை போட்டு ஒட்டினான். உவமையாகச் சொல்லவில்லை. தகரத்தின் மேல் தகரத்தை வைத்து, நடுவில் பசை தடவி, அழுத்தி, ஓரத்தில் பிதுங்கியதைத் துணியால் துடைத்துக் காயப்போட்டான். அந்தக் காரில்தான் தன் மகளைக் கல்யாண மண்டபத்துக்கு அனுப்பப்போவதாக ஊர் முழுக்கச் சொல்லியும் வைத்தான். அவளை அதில் உட்காரவிட மாட்டேன் என்று நான் நின்றேன். எங்களுக்குள் இன்று பேச்சு இல்லாததற்குக் காரணம் இவ்வளவுதான். உறவினர்கள் சொத்துத் தகராறு என்பார்கள். சொத்துத் தகராறாக இருந்தால் எப்போதோ தீர்ந்திருக்கும். அதற்குக் கோர்ட் இருக்கிறது.

கார் எங்கள் அப்பாவுடையது. ஐம்பதுகளில் வந்த சின்னச் சீமைக் கார். ஆமை முதுகு, தவளைக் கண். அந்தக் காலத்துப் பெரிய கார்களுக்கு அடியில் தனியாக ஓர் இரும்புச் சட்டம் இருக்கும். உடம்பு அதன்மேல் கவிழ்த்த மூடி, அவ்வளவுதான். இந்தக் காருக்குச் சட்டம் கிடையாது. தகரத்தையே மடித்துப் பெட்டி பெட்டியாகச் சேர்த்து, உடம்பையே எலும்பாகவும் ஆக்கியிருந்தார்கள். அதில் முக்கியமான எலும்பு, இரண்டு பக்கமும் கதவுகளுக்கு அடியில் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் நீளமான தகரப் பெட்டி. கால் வைத்து ஏறும் இடத்தில் இருப்பதால் எங்கள் வீட்டில் அதைப் படி என்றே சொல்லிப் பழக்கம். மிதிக்கிற இடம்தானே என்று அலட்சியமாக இருக்கத் தோன்றும். ஆனால் படி போனால் காரின் முதுகெலும்பு போனது. முதலில் நடுவில் தொங்கும். பிறகு ஒருநாள், பள்ளத்தில் இறங்கும்போது, மடியும்.

நான் ரயில் பெட்டி செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். மற்றவர்கள் வெல்டிங் வைத்ததைப் பரிசோதிப்பது என் வேலை. எந்தத் தகட்டுக்கு எந்தக் கம்பி, எவ்வளவு சூடு, எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதற்கெல்லாம் முறை உண்டு. முறைப்படி இல்லாததைச் சரியில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. ஓய்வுபெற்று விருதுநகரில் வந்து உட்கார்ந்த பிறகு அதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்துவந்தேன். என் மனைவி இட்லித் தட்டை வைக்கும்போதே, “ஒண்ணும் சொல்லாம சாப்பிடுங்க” என்று சொல்லித்தான் வைப்பாள்.

தம்பி நிலத்தோடு இருந்தான். அச்சங்குளத்துக்குப் பக்கத்தில் அப்பாவின் கரிசல் காடு. பருத்தியும் மிளகாயும் மாறி மாறிக் கைவிட்ட பிறகு அதில் பெரும்பகுதியை ஒரு பட்டாசுக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டிருந்தான். பாகப்பிரிவினையில் டவுன் வீடு எனக்கு, நிலம் அவனுக்கு. காரைப் பற்றி அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அது நிலத்தில் ஒரு தகரக் கொட்டகையில் நின்றது. தன் நிலத்தில் நிற்பதால் தன்னுடையது என்று அவன் நினைத்தான். மூத்தவன் என்பதால் என்னுடையது என்று நான் நினைத்தேன். நினைப்பதோடு இருவரும் நிறுத்திக்கொண்டதால் கார் நிம்மதியாகத் துருப்பிடித்தது.

ஒரு தீபாவளி சீசன் முடிந்த கையோடு தம்பி போன் செய்தான்.

“அண்ணே, பிள்ளைக்குத் தையில நாள் குறிச்சாச்சு. மண்டபத்துக்குத் தாத்தா கார்லதான் போவேன்னு நிக்கா. இஞ்சினை மெக்கானிக் பாத்துட்டான், ஓடும்ங்கான். உடம்பைத்தான் பாக்கணும். நீக ஒரு எட்டு வந்துட்டுப் போங்க.”

போனேன். கார் வெளியிலிருந்து பார்க்க மோசமில்லை. படியில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். கையின் கனத்துக்கே உள்ளே போய்விட்டது. உருவினால் கேழ்வரகு மாவு மாதிரி துரு கொட்டியது.

“ஏலே, இது படியில்லை. அப்பளம்.”

“மேல பெயின்ட் நல்லாத்தானண்ணே இருக்கு.”

“பெயின்ட் மட்டுந்தாம்லே இருக்கு. பெயின்ட்டைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கார் நிக்குது.”

என்ன செய்ய வேண்டும் என்று சொன்னேன். அழுகிய படியை அறுத்து எடுத்துவிட்டுப் புதுத் தகடு மடித்து வெல்டிங் வைக்க வேண்டும். உடனே அவன் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினான். வேப்பமரங்களுக்குப் பின்னால் கம்பெனியின் வெடிமருந்து அறைகள் வரிசையாகத் தெரிந்தன.

“இங்கன நெருப்புப் பொறி விழப்படாது. பீடி குடிச்சாலே கேட்டுக்கு வெளிய அனுப்பிருவாக. நீக வெல்டிங்குங்கீக.”

அது எனக்குத் தெரியாததுபோல் சொன்னான். இங்கே வெல்டிங் வைக்க எவன் சொன்னான்? கதவு வாசல்களுக்குக் குறுக்கே ஆங்கிள் இரும்பை வைத்து நட்டு போல்ட்டில் முறுக்கினால் கார் மடியாது. அப்படியே லாரியில் ஏற்றி விருதுநகர் கொண்டுபோய் எனக்குத் தெரிந்த பட்டறையில் செய்து திருப்பி அனுப்பலாம். இதை நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டான்.

“கார் நிலத்தைவிட்டுப் போகாது அண்ணே.”

“ஏன்?”

“போனா திரும்பி வராது.”

“நான் என்ன திருடனாலே?”

“நீக மூத்தவுக” என்றான். இரண்டும் ஒன்று என்பதுபோல் சொன்னான்.

அடுத்த வாரமே பசை வந்துவிட்டது. பஸ் பாடி கட்டுகிறவர்களுக்குச் சரக்கு கொடுக்கும் கோயம்புத்தூர் ஆள் ஒருவனை எங்கோ பிடித்திருக்கிறான். இரண்டு டப்பா, இரண்டையும் சரிபாதி கலந்தால் கறுப்புக் களிம்பு. “சீமையில ஏரோப்ளேனையே இத வெச்சுத்தான் ஒட்டுறாகளாம்” என்றான். அது பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

இங்கே நான் வெல்டிங்குக்கு வக்காலத்து வாங்கப்போவதாக யாரும் நினைக்க வேண்டாம். ஆயுள் முழுவதும் அதன் குறைகளைப் பார்த்தே சம்பாதித்தவன் நான். பழைய காரின் தகடு மெல்லியது. அதில் சூடு பட்டால் வெயிலில் போட்ட வாழையிலை மாதிரி சுருளும். சுருண்டதைத் தட்டி நிமிர்த்தி, மேலே பட்டி பூசித் தேய்த்து, பெயின்ட் அடித்து மறைப்பதற்குத்தான் நம் ஊரில் டிங்கரிங் என்று பெயர். அதைவிடக் கொடுமை, வெல்டிங் வைத்த இடத்துக்குப் பின்பக்கம் பெயின்ட் எரிந்துபோயிருக்கும். அங்கே கை போகாது. அடுத்த மழைக்கு அங்கிருந்துதான் துரு ஆரம்பிக்கும். பசைக்கு இந்தச் சனியன்கள் கிடையாது. சூடில்லை, சுருக்கமில்லை, இடுக்கில் தண்ணீர் இறங்க வழியில்லை. கதவின் வெளித்தகடு, டிக்கியின் தரை போன்ற இடங்களுக்கு என்னைக் கேட்டால் பசையே மேல்.

ஆனால் பசைக்கும் முறை உண்டு. தகடு பளபளவென்று வெள்ளையாகத் தெரியும்வரை தேய்க்க வேண்டும். தின்னரால் துடைத்த பிறகு விரல் படக் கூடாது. முக்கியமாக, இரண்டு தகட்டுக்கும் நடுவில் பசை ஒரு நகக்கனமாவது நிற்க வேண்டும். அந்தக் கனத்தில்தான் அதன் பலம் இருக்கிறது. பிறகு அதற்குப் பிடிக்காத காரியம் ஒன்று உண்டு. நேராக இழுத்தால் தாங்கும், பக்கவாட்டில் தள்ளினால் தாங்கும். ஓரத்தில் நகத்தை விட்டு உரித்தால் வந்துவிடும். அதனால் எலும்பான இடங்களில் பசையை மட்டும் நம்பக் கூடாது. ஒன்று வெல்டிங், இல்லாவிட்டால் பசையோடு ரிவெட்டாவது அடிக்க வேண்டும்.

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். கதவுக்கும் டிக்கிக்கும் பசை போடு, படியை என்னிடம் விடு என்றேன். முதல் பாதிக்குத் தலையாட்டினான். மறுபாதிக்கும் ஆட்டியதாக நான் எடுத்துக்கொண்டேன்.

சீசன் முடிந்து கம்பெனியில் வேலை மந்தமாக இருந்த நேரம். வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றி ஒட்டும் பெண்களைக் கூலிக்கு அழைத்து வந்திருந்தான். ஒட்டுகிற வேலைக்கு ஒட்டுகிறவர்கள். அதில் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. அவர்களுக்குத் தலைவியாக நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி. மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்கக் கலக்கும் மயில்துத்தத்தின் நீலம் அவள் நகக்கண்களில் ஏறியிருந்தது. வாய் அவளுக்கு இரண்டு ஆளுக்குச் சமம்.

மிஷின் வைத்துத் துருவை எடுத்தால் பொறி பறக்கும் என்பதால் எல்லாம் உப்புத்தாளால் கையாலேயே தேய்த்தார்கள். குறை சொல்ல முடியாத தேய்ப்பு. பழைய மோட்டாரிலிருந்து உருவிய மெல்லிய செம்புக் கம்பியை நான் துண்டு துண்டாக வெட்டிக் கொண்டுபோயிருந்தேன். தகடுகளுக்கு நடுவில் அங்கங்கே கம்பியை வைத்தால், எவ்வளவு அழுத்தினாலும் பசைக்கு அந்தக் கனம் மிஞ்சும்.

“பெரியய்யா, கம்பி எதுக்கு?” என்றாள் தலைவி.

“ரெண்டு தகட்டுக்கும் நடுவில எடம் வேணும். பசை அதுலதான் நிக்கணும்.”

“எடம் விட்டு ஒட்டுறதா! எங்க போர்மேன் கேட்டாகன்னா சிரிப்பாக. குழாயில நூல் கனத்துக்குக் காத்து நின்னாப் போதும், வெடி வெடிக்காது, புஸ்ஸுன்னு போயிரும். பசைன்னா இருக்கதே தெரியப்படாது, பெரியய்யா.”

“இது வெடிக்கணும்னு ஒட்டல.”

“அதுஞ்சரிதான். ஏட்டி, பெரியவுக சொல்லுதாக, வைங்க கம்பிய. காருக்குக் கொலுசு போடுதாக.”

மற்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் வைத்தார்கள். மறுநாள் போய்க் கதவின் மேல் ஒரு நாணயத்தை வைத்துத் தட்டிக்கொண்டே வந்தேன். ஒட்டாத இடம் இருந்தால் வெற்றுப் பானையைத் தட்டுவதுபோல் சத்தம் கேட்கும். ஓர் இடத்திலும் கேட்கவில்லை. சரி என்றேன். அந்த நிலத்தில் நான் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லியிருக்கக் கூடாது.

“அப்பப் படியையும் இப்படியே ஒட்டிருவோம்” என்றான் தம்பி.

“படிய ஒட்டப்படாதுன்னு சொன்னேன்.”

“நீக சொன்ன கதவு ஒட்டிருச்சுல்ல? கதவுக்கு ஒட்டுறது படிக்கு ஒட்டாதா?”

“கதவு தோலு. படி எலும்பு. பத்தாங் கிளாஸ் வரைக்கும் ஒனக்குப் பீஸ் கட்டின காசுக்கு அப்பா இன்னொரு கார் வாங்கியிருக்கலாம்லே.”

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் முன்னால் சொன்னது அவனுக்குச் சுட்டது. சுட வேண்டும் என்றுதான் சொன்னேன்.

“நீக வாழ்நாள் பூராம் என்ன செஞ்சீக?” என்றான். “அடுத்தவன் பத்தவெச்சதக் கொறை சொன்னீக. ஒரு தடவ, ஒரே தடவ, நீக கையில பிடிச்சுப் பத்தவெச்சிருக்கீகளா?”

“பதம் பாக்குறதும் சமையல்லதாம்லே சேத்தி.”

“பாத்தாச்சுல்ல? பஸ்ஸு வந்துரும். கெளம்புங்க.”

கிளம்பினேன். அப்பாவின் நிலத்திலிருந்து என்னைப் பஸ் நேரம் சொல்லி அனுப்பியவன் அவன் ஒருவன்தான்.

படியை ஒட்டி முடித்த செய்தி எனக்குச் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் கிடைத்தது. அந்தத் தலைவி எதிரே வந்து, தானே நின்று பேசினாள்.

“பெரியய்யா, படியையும் முடிச்சிட்டோம். நீக கோவிச்சுக்கிட்டுப் போயிட்டீகளாமுல்ல. வந்து பாருங்க, அம்புட்டுச் சுத்தம்.”

“கம்பி வெச்சீங்களா?”

“அதெல்லாம் ஒங்க தம்பி வேண்டாம்னுட்டாக. எங்க வழியிலயே செஞ்சோம். தகட்டை வெச்சு ஆளுக்கொரு பக்கம் ஏறி உக்காந்து நெருக்கினோம். உள்ள ஒரு பொட்டுப் பசை நிக்கல, பூராத்தையும் வழிச்சு எடுத்துட்டோம். அந்தச் சந்துல தலமுடி போகாது பெரியய்யா.”

அவள் பெருமையோடு சொன்னாள். அவள் தொழிலில் அது பெருமைதான். வேறெந்த ஊரில் இந்தப் பசையைக் கொடுத்திருந்தாலும் சோம்பேறித்தனமாகத் தடவி, சோம்பேறித்தனமாக அழுத்தி, கொஞ்சமாவது உள்ளே விட்டிருப்பார்கள். படி ஓரளவு பிழைத்திருக்கும். எங்கள் ஊரில் பிறந்ததிலிருந்து ஒட்டிப் பழகிய கைகள். அந்தக் கைகளின் திறமைதான் படியைக் கொன்றது. எவ்வளவு நன்றாக ஒட்டினார்களோ அவ்வளவுக்குக் கெட்டது. அவளிடம் இதைச் சொல்லிப் பயனில்லை. கம்பியை வேண்டாமென்றவனிடம் சொல்ல வேண்டும்.

அன்றே போன் செய்தேன். “பொண்ணை அதுல ஏத்தாதே. படி நிக்காது” என்றேன்.

“ஒங்களுக்கு வயித்தெரிச்சல்” என்று வைத்துவிட்டான்.

பத்திரிகை வைக்கக் குடும்பத்தோடு விருதுநகர் வீட்டுக்கு வந்தார்கள். தம்பி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தான். அவன் மனைவி வெற்றிலைத் தட்டை என் மனைவியிடம் கொடுத்தாள், என்னிடம் கொடுக்கவில்லை. பெண் மட்டும் எனக்கு எதிரே வந்து நின்றாள். சின்ன வயதில் என் சைக்கிள் பாரில் உட்கார்ந்து ஊரெல்லாம் சுற்றியவள்.

“பெரியப்பா, கார் எவ்வளவு அழகா வந்திருக்கு தெரியுமா? வந்து பாருங்க. நான் அதுலதான் போவேன்.”

“போகமாட்டே.”

“எங்க அப்பா எனக்காகச் செஞ்சது.”

“அதனாலதான் சொல்றேன்.”

யாரும் காபி குடிக்கவில்லை. என் மனைவி ஆறின டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்போது, “நல்ல காரியத்துக்கு வந்தவுகள்ட்ட பேசுற பேச்சா?” என்று பொதுவாகக் கேட்டுவிட்டுப் போனாள்.

வேறு வழிகளும் எனக்குத் தெரியும். எந்த அலுவலகத்தில் எந்த மேஜைக்கு என்ன எழுதினால் ஒரு வண்டியை ரோட்டில் இறங்கவிடாமல் தடுக்கலாம் என்று தெரியும். ஆனால் வருகிற அதிகாரிக்கு மாலை போட்டு முதல் பந்தியில் உட்காரவைத்து, அதே காரில் ஒரு சுற்றுக் கூட்டிப்போய்விடுவான் தம்பி. முறை தெரிந்தவனுக்கு, முறை எங்கே வேலை செய்யாது என்பதும் தெரியும்.

அதனால் பெண் அழைப்பு நாளில் ஒரு வாடகைக் காரில் போனேன். டிக்கியில் ஜாக்கி ஒன்று வைத்திருந்தேன்.

வெயில் தாழ்ந்திருந்தது. கொட்டகைக்கு வெளியே கார் நின்றது. அவள் சொன்னது உண்மை, அழகாகத்தான் இருந்தது. கறுப்பு பெயின்ட்டில் முகம் பார்க்கலாம். முன்னால் செவ்வந்தி மாலை, கதவுகளில் மல்லிகைச் சரம். சொந்தபந்தமெல்லாம் சுற்றி நின்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தது. பெண் பட்டுப்புடவையில் கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். அங்கிருந்து சிவகாசி ரோடு சேரும்வரை லாரிகள் உழுத பாதை. பள்ளத்துக்குப் பஞ்சமில்லை.

நான் ஜாக்கியோடு நடந்து வருவதைப் பார்த்ததும் தம்பியின் முகம் மாறியது.

“என்னது அது?”

“ஜாக்கி. படிக்கு அடியில வெச்சுத் தூக்குறேன். கார் எந்திரிச்சா படி நல்ல படி. நானே முன்னால உக்காந்து மண்டபம் வரைக்கும் வாரேன்.”

“நல்ல நேரத்துல இது என்ன கூத்து அத்தான்” என்றாள் தம்பி மனைவி.

“ஒரு நிமிஷம். டயர் பஞ்சரானா எப்படியும் வெக்கத்தானே வேணும்? படிக்கு நடுவில அதுக்குன்னே எடம் விட்டிருக்கான். நானா கண்டுபிடிச்சதில்ல, காரு செஞ்சவன் விட்ட எடம்.”

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. மாட்டேன் என்றால் பயந்தவனாவான். அது எனக்குத் தெரிந்தேதான் கூட்டத்துக்கு முன்னால் கேட்டேன்.

“வைங்க” என்றான். “எந்திரிச்சா எங்கால்ல விழணும்.”

“விழுறேன்.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து வைத்தேன். கைப்பிடியைச் சுற்றினேன். ஜாக்கியின் தலை படியைத் தொட்டது. இன்னும் சுற்றினேன். பெரிய சத்தமெல்லாம் கேட்கவில்லை. ஈரமான காலண்டர் தாளைச் சுவரிலிருந்து உரிப்பதுபோல ஒரு சத்தம், நீளமாக. புதுத் தகடு பின் ஓரத்தில் வாயைத் திறந்து, அப்படியே முன்பக்கம்வரை உரிந்துகொண்டு வந்தது. ஜாக்கி படிக்குள்ளே ஏறியது. கார் எழும்பவே இல்லை. நடுவில் சற்றுத் தொங்கியது. கதவு தானாகத் திறந்துகொண்டது. மூடிப் பார்த்தார்கள். மூடவில்லை. மல்லிகைச் சரம் அறுந்து தொங்கியது.

உரிந்த தகட்டைத் திருப்பிக் காட்டினேன். “பாருங்க. பசை எங்க இருக்கு?” பென்சிலால் கோடு இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. மற்றபடி பழைய துருவின் சிவப்பு அச்சு. படிக்கத் தெரிந்தவனுக்கு அதில் எல்லாம் எழுதியிருந்தது.

யாரும் பார்க்கவில்லை. தம்பி மனைவிதான் முதலில் வாய் திறந்தாள்.

“நல்லாக் கெடந்த காரை ஜாக்கி வெச்சு ஒடச்சுப்புட்டாகளே!”

அவ்வளவுதான். கூட்டத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஜாக்கிதான் உடைத்தது. “வயசான மனுசன் செய்யிற காரியமா?” “காலையில இருந்து எம்புட்டு நல்லா ஓடிக்கிட்டு இருந்துச்சு.” “கண்ணு பட்டாக்கூட இப்படி ஒடையாது, கையே பட்டுருச்சுல்ல.” கல்யாணத்துக்கு வந்திருந்த அந்தத் தலைவி மட்டும் குனிந்து தகட்டின் உள்பக்கம் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். “சுத்தமாத்தான வழிச்சோம்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு நகர்ந்துபோனாள்.

தம்பி சத்தம் போடவில்லை. “திருப்தியா?” என்றான்.

பெண் மை கலையாமல் அழுதுகொண்டிருந்தாள்.

“எங் கல்யாணத்துக்கு நீங்க செஞ்ச சீரு இதுதானா பெரியப்பா?”

“ஆமா” என்றேன்.

இன்று கேட்டாலும் அதேதான் சொல்வேன். அந்தப் பாதையில் அந்தக் கார் அவளோடு மடிந்திருந்தால் என்னை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். விதி என்றிருப்பார்கள். நான் வந்த வாடகைக் காரை அவளுக்குக் கொடுத்தேன். அதில் ஏறவிடவில்லை. உறவுக்காரர் ஒருவரின் வெள்ளைக் காரில் ஏற்றி அனுப்பினார்கள். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாள். பத்திரமாகப் போய்ச் சேர்வதை யாரும் ஒரு நிகழ்ச்சியாகக் கணக்கில் வைப்பதில்லை. மறுநாள் பந்தியில் என் இலைக்கு மட்டும் பாயசம் வரவில்லை. மறதி என்று எடுத்துக்கொள்ள எனக்குப் பெருந்தன்மை போதாது.

அதன்பிறகு தம்பி பட்டாசுச் சில்லறைக் கடை ஒன்று போட்டான், சாத்தூரிலிருந்து சிவகாசி போகிற ரோட்டில். படியை மறுபடி ஒட்டி, பெயின்ட் அடித்து, காரைக் கடைக்கு முன்னால் கண்காட்சியாக நிறுத்தினான். கார் நிலத்தைவிட்டுப் போகாது என்றவன், வியாபாரம் என்றதும் விட்டுவிட்டான். சீசனில் வெளியூர்க்காரர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நான் அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒன்றே ஒன்றைப் பார்ப்பேன். கதவுக்கும் உடம்புக்கும் நடுவிலுள்ள சந்து. அந்தப் படி நிற்காது. நிற்காவிட்டால் நடு தொங்கும். தொங்கினால் மேலே சந்து குறுகிக் கீழே அகலும். இந்த வருடம் அகலும், அடுத்த வருடம் நிச்சயம் அகலும் என்று பார்த்துக்கொண்டே போனேன்.

அகலவில்லை. சீசன்கள் போயின. கதவு நேராகவே நின்றது. எனக்குத் தூக்கம் கெட்டது என்று சொன்னால் மிகை. ஆனால் என் கணக்கு பொய்த்ததில்லை.

கடை பூட்டியிருந்த ஒரு மாசி மத்தியானம் பஸ்ஸைவிட்டு இறங்கினேன். அக்கம்பக்கம் ஆளில்லை. ரோட்டோரத்தில் முழங்காலிட்டுக் காருக்கு அடியில் பார்த்தேன்.

இரண்டு பக்கமும் படியின் நட்டநடுவில் செங்கல் தூண். ரோட்டிலிருந்து தெரியாதபடி செங்கலுக்குக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தது. நான்கு டயரிலும் காற்று இருந்தது. காற்றுள்ள டயரில் நிற்கிற காருக்குச் செங்கல் எதற்கு? டயர் போன காருக்கென்றால் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொடுப்பார்கள். நடுவில், படிக்குக் கீழே, ஜாக்கி வைக்கிற அதே இடத்தில் கொடுக்கிறவன், அந்தப் படி தாங்காது என்று தெரிந்தவன். எழுந்து கதவை இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தால், எல்லாக் கதவுகளையும் உள்ளிருந்து கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தான். கட்டி முடித்துப் பின்கண்ணாடியைக் கழற்றி அதன் வழியாகத்தான் அவன் வெளியே வந்திருக்க வேண்டும், அந்தக் கனத்த உடம்பை வைத்துக்கொண்டு. யாரும் அந்தக் காரில் உட்கார முடியாது.

இதற்குக் கூட்டம் கூட்டி ஒப்புக்கொள்வது என்று ஒரு முறை இருக்கிறது. செங்கலுக்குக் கறுப்பு பெயின்ட் அடிப்பது அந்த முறையில் சேராது.

கிழக்குப் பக்கத் தூணை மட்டும் சரியாக வைக்கவில்லை. செங்கலுக்கும் படிக்கும் நடுவில் ஒரு விரல் சந்து இருக்கிறது. மழை பெய்து கரிசல் மண் இளகினால் அந்தப் பக்கம் இறங்கும். வேப்பங்கட்டையில் ஓர் ஆப்புச் சீவி அடித்தால் போதும், சின்ன வேலை. கேட்டால் சொல்வேன். கேட்க மாட்டான்.

முழங்காலைத் தட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.